முழுகவிட்ட படகு

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸை ஒட்டிய ஏரியில் பாய்மரப் படகு ஓடுகிறது என்றால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூட நம்பமாட்டார். ஏரிக்கரை கிளப்பின் கொட்டகையில் பல வருடம் கவிழ்ந்து கிடந்த மரப்படகு அது. முதலில் பார்த்தபோது அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உடம்பில் ஒரு நேர்க்கோடு கிடையாது. இத்தனை பலகைகளை எப்படி வளைத்தார்களோ! அதை உடைத்து விறகாக்கப் போவதாகக் கிளப் செயலாளர் சொன்னதும் எனக்கு வழக்கம்போல மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நானே மிதக்கவிடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சவால் விட்டேன். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு வரை பொறுப்பதாகச் சொன்னார். அன்றைக்கும் மிதக்காவிட்டால் கோடாலிதான்.

நான் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். வண்டியைத் தண்ணீரில் இறக்கிச் சோதிப்போம்; ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். அந்தப் புத்தியோடுதான் படகிலும் கை வைத்தேன். பலகை இடுக்கெல்லாம் இரும்புக்கு வைக்கும் பசையைத் திணித்துக் கல்லாக இறுகவிட்டேன். "என் கல்யாணப் பட்டுக்குக்கூட இவ்வளவு பாத்துப் பாத்து செய்யல" என்றாள் மனைவி.

விரிசல் விட்டிருந்த ஒரு பலகையை மாற்ற, பூந்தமல்லியில் லாரி பாடி கட்டும் ஆசாரியை அழைத்து வந்தேன். என் வயதுக்காரர். பசையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், கட்டைய இரும்புன்னு நெனச்சுகினியா?"

"ஒரு சொட்டு உள்ள வரக் கூடாதுங்க."

"மழைல உன் ஊட்டு கதவு இன்னாத்துக்கு இறுகிக்கீது? கட்டை தண்ணி குடிச்சா உப்பும் சார். உப்ப எடமே இல்லாம அடைச்சு வெச்சுகீற. பலகை வெடிச்சிடும்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டுக் கதவு நினைவுக்கு வந்ததும் அது அடங்கிவிட்டது. போட்ட பசையை நானே ஒரு வாரம் சுரண்டி எடுத்தேன். அவர் பலகையை மாற்றி, இடுக்குகளில் பஞ்சுத் திரியை லேசாகச் செருகினார். "இப்ப தண்ணில தள்ளி முழுக வுடு" என்றார்.

கெடுவுக்கு நான்கு நாள்தான் இருந்தது. தள்ளினோம். எல்லா இடுக்கிலும் தண்ணீர் பீறிட்டது. நான் பைத்தியம் பிடித்தவன்போல் வாளியால் இறைத்தேன். அவர் வாளியைப் பிடுங்கிக்கொண்டார். ஆழமில்லாத கரையோரத்தில், விளிம்பு மட்டும் தெரிய, படகு முழுகி உட்கார்ந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த செயலாளர், "மிதக்குதா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான்கு நாளும் விடிந்ததும் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆசாரியும் நானும் இறைத்தோம். அடிப்பலகை தெரிந்தது. துணியால் துடைத்துவிட்டு இடுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கையை வைத்தேன், ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. எந்தப் போல்ட்டும் முறுக்காமல், அந்தக் கட்டை தண்ணீரைக் குடித்தே தண்ணீருக்குக் கதவைச் சாத்தியிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைச் செய்தது நான் இல்லை, ஆசாரியும் இல்லை.

கோடாலிக்காரரோடு செயலாளர் கரையில் நின்றார். பாய் பிடிக்க எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கொட்டகையில் படகோடு கிடந்த பாய்மரத்தை நட்டுப் பாயை ஏற்றினேன். காற்று வாங்கியதும் படகு நகர்ந்தது. எஞ்சின் இல்லை, அதிர்வு இல்லை, சத்தமே இல்லை.

செயலாளர் கரையிலிருந்து ஏதோ கத்தினார். எனக்குக் கோபம் வரவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.