பேர் சொல்லாத துப்பு

இன்னிக்கு மயிலாடுதுறையிலேர்ந்து நன்னிலம் போற பஸ்ல ஒரு துப்பறியும் நாவல் படிச்சிட்டு வந்தேன். அமெரிக்காவுல, நவஹோங்கிற பழங்குடி மக்களோட பாலைவனத்துல நடக்கிற கதை. படிக்கப் படிக்க, ஜன்னலுக்கு வெளியே நடவு வயல் தண்ணியெல்லாம் என் கண்ணுக்கு மெல்ல செம்மணலா மாறிக்கிட்டிருந்துச்சு.

"என்ன கதைங்க?"ன்னு பக்கத்து சீட் அம்மா கேட்டாங்க.

"கொலைக் கதைங்க. அந்த மக்கள் செத்தவங்க பேரை வாயால சொல்ல மாட்டாங்களாம். போலீஸ் திண்டாடுது. எழுதினவர் வெளியாள்தான். ஆனா வருஷக்கணக்கா அவங்ககிட்ட கேட்டுக் கேட்டு எழுதியிருக்கார்."

அவங்க வயலைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க.

"எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர் பேரை நான் சொன்னதே இல்லீங்க. இப்ப சொல்லணும்போல இருக்கு. வாய் வரமாட்டேங்குது."

இறங்கும்போது ஒரு துப்பு மட்டும் கொடுத்தாங்க: "நாம ஏறின ஊரு பெரிய கோயில் சாமி பேருதான்."

கண்டுபிடிச்சவங்க லைக் போடுங்க. கமென்ட்ல பேரை மட்டும் சொல்லிடாதீங்க.