பூங்காவுக்குப் பின்னால் எங்கள் நெல்

அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பயிர் வைப்பது அக்கா. நான் டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அறுவடைக்கு மட்டும் லீவு போட்டுவிட்டுப் போய் நிற்பேன்.

தார் ரோட்டுக்கும் எங்கள் நிலத்துக்கும் நடுவில் அரசாங்கப் புறம்போக்கு. முள் மண்டிக் கிடந்த அந்த இடத்தின் குறுக்கே ஒரு வண்டிப்பாதை ஓடியது. அப்பா காலத்தில் மாட்டு வண்டி, பிறகு டிராக்டர், அப்புறம் நெல் அறுக்கும் மெஷின், எல்லாமே அதில்தான் போய் வந்தன. யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கிரிவலத்துக்கு வருகிற கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகியது. முள்ளையெல்லாம் பிடுங்கிவிட்டு அரசாங்கம் அங்கே பூங்கா கட்டியது. சுற்றிலும் கம்பி வேலி, நடுவில் புல்தரை, சறுக்குமரம், சிமெண்டில் இரண்டு மான். எங்கள் பக்கம் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சின்ன கேட் வைத்தார்கள்.

வேலை நடக்கும்போதே அக்கா போய்க் கேட்டிருக்கிறாள்.

"மெஷின் எப்பிடி சார் உள்ள போவும்?"

"அதுக்கெல்லாம் வழி வுடுவாங்கம்மா" என்றாராம் அங்கே நின்றிருந்த இன்ஜினியர். அக்கா நம்பிவிட்டாள். அரசாங்கத்து ஆள் சொன்னால் நம்பாமல் வேறென்ன செய்வது?

நெல் முற்றியது. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து மெஷினைப் பேசி வரவழைத்தோம். கேட்டால் எங்கள் பக்கத்து வேலியைக் கொஞ்சம் பிரித்து விடுவார்கள் என்று நினைத்தோம். பூங்காவின் பெரிய கேட்டில் காவலாளி மறித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. "தொறந்து வுட்டா எனக்கு வேல பூடும்ணா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மெஷின்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த ஊரில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

நானும் அக்காவும் பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி உட்காரச் சொன்னார். அதில் குறை சொல்ல முடியாது.

"நடந்து போறத யாராவது தடுத்தாங்களா?"

"இல்ல சார். நெல்ல நடந்து போயி அறுக்க ஆளு எங்க சார் கீது இப்ப?" என்றாள் அக்கா.

"அரசாங்க நெலத்துல தனியாருக்கு வழி எழுதிக் குடுக்க முடியாதும்மா. உங்களுக்குக் குடுத்தா நாளைக்குப் பத்து பேர் வருவாங்க."

"பின்னாடி பயிர் வெக்கிறது நாங்க மட்டுந்தான் சார். பக்கத்துல இருக்கிறது வெறும் கரம்பு."

"பூங்கா பொதுமக்கள் சொத்து. புரிஞ்சுக்கோங்க."

"அப்ப நாங்க யாரு சார்?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. நின்ற பயிர் படுத்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி நாலைந்து பேரைக் கூட்டிவந்து கையால் அறுத்தோம். அதற்குள் பாதிக் கதிர் தண்ணீரிலேயே முளைவிட்டிருந்தது. கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சின்ன கேட் வழியாக ஒவ்வொருவராக வெளியே வந்தோம். புல்தரையில் வைக்கோல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சறுக்குமரத்தடியில் நின்ற ஒருவர் எங்களை செல்போனில் படம் பிடித்தார். அக்கா ஈரக் கட்டோடு திரும்பியே பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள்.

இத்தோடு போயிருந்தால் சட்டம் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அடுத்த வருஷம் பூங்காவின் ஓரத்தில் ஜே.சி.பி. நின்றது. வேலியைப் பிரித்து, மரக்கன்றுகளைப் பிடுங்கி, தார் போட்டு ரோடு அமைத்தார்கள். எங்கள் வரப்பை ஒட்டியிருந்த கரம்பை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பூங்கா நிலத்தின் வழியாகப் பாதை உரிமை கொடுத்துவிட்டார்கள். நிரந்தரமாக.

அதே அதிகாரியிடம் போய் நின்றேன்.

"அது வேற விஷயங்க. வர்ற பக்தருங்க தங்கறதுக்கு எடம் வேணும்ல? பொது நன்மை."

"வர்றவங்க சாப்பிட வேணாமா சார்? நெல்லு பொது நன்மை இல்லியா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க."

மருந்துக் கடையில் நாள் முழுக்க நோயாளிகளோடு தணிந்து பேசிப் பழகியவன் நான். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அந்த அறையே திரும்பிப் பார்த்தது. ஒரு பயனும் இல்லை. திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. நெல் பரிசீலனைக்காகக் காத்திருக்குமா?

அக்கா காத்திருக்கவில்லை. அந்த முறை நெல் முற்றுவதற்குள் லாட்ஜைத் திறந்துவிட்டிருந்தார்கள். எங்கள் வரப்பை ஒட்டிப் போகிற அந்த லாட்ஜ் ரோட்டிலேயே மெஷினை நேராக விடச் சொன்னாள். நடுவில் சங்கிலி. மேனேஜர் ஓடிவந்தார்.

"இது எங்க ரோடு. வண்டிய எடுங்க."

"ஒங்களுக்குப் போவ வர வழிதான் குடுத்துக்கிறாங்க. மண்ணு கவர்மெண்டு மண்ணுதான்" என்றாள் அக்கா. "பூங்கா பொதுமக்கள் சொத்துன்னு என்கிட்டயே சொன்னாங்க. நான் பொதுமக்கள்தான், தொறங்க."

அன்று பௌர்ணமி. மெஷின் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பின்னால் லாட்ஜுக்கு வந்த கார்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. எங்கள் பயிர் மழையில் கிடந்தபோது வராத அதிகாரி, கார்கள் நின்ற கொஞ்ச நேரத்திலேயே ஜீப்பில் வந்து இறங்கினார். அக்காவைப் பார்த்தார், கார்களைப் பார்த்தார்.

"இந்த ஒரு தடவ வுடுங்க" என்று மேனேஜரிடம் சொன்னார்.

சங்கிலி அவிழ்ந்தது. பொழுது சாய்வதற்குள் அறுத்து முடித்துவிட்டோம். நல்ல நெல்.

பிறகு எங்களுக்கும் ஓர் உத்தரவு வந்தது. அறுவடைக் காலத்தில் மட்டும், முன்கூட்டியே அனுமதி பெற்று, அந்த ரோட்டைப் பயன்படுத்தலாம். துறை நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யும். லாட்ஜுக்கு இப்படி ஒரு நிபந்தனையும் கிடையாது. எங்கள் அப்பா வண்டி ஓட்டிய மண்ணில், நேற்று வந்தவருக்கு உரிமை, எங்களுக்குச் சலுகை.

"வுடுடா. நெல்லு வூடு வந்து சேருதில்ல?" என்கிறாள் அக்கா. அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் லீவு போட்டுவிட்டு நான்தான் போய் அனுமதி கேட்டு நிற்கிறேன்.

போன வாரமும் போனேன். இப்போது அந்த நாற்காலியில் வேறொருவர், இளைஞர். மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே சார்?"

"நெல்லுகிட்ட சொல்லிப் பாக்கறேன்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.