ஸ்பீக்கரில் கேட்ட இருமல்

அச்சுவேலியில் சந்தைக்குப் பின்னால் நிற்கிற அரிசி ஆலை நான் கட்டியது. அதை ஒருதரம் ஷெல் தின்றது; திரும்பவும் கட்டினேன். பக்கத்து ஐஸ் தொழிற்சாலையும், ஊரே தாலி கட்டுகிற மண்டபமும் என்னுடையவைதான். எட்டாம் வகுப்போடு நின்றவனை இன்றைக்கு வங்கி மனேச்சர் எழும்பி நின்று கதிரை தந்து இருத்துகிறார். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் என் கையால் நடந்திருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணையின் மகள், போனில் ஓர் இசைத்தொகுப்பைப் போட்டு, அவளின் தகப்பன் அந்த நாளில் அப்பம்மாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, அனுப்பிய கசெட் இதுதான் என்றாள். பாடுகிறவன் இல்லை, சொல் ஒன்றுகூட இல்லை. கிற்றார் முனகுகிறது, ட்ரம் இடிக்கிறது, ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு நித்திரை கொள்ளலாம். போஸ்ட்-ரொக் என்று பேராம். அந்த இசை அப்பம்மாவைக் காப்பாற்றிய கதையை ஒரு சஞ்சிகைக்கு எழுதப்போகிறாளாம்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. சண்டைக்காலம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, ரேடியோவுக்குப் போடுகிற பற்றறியையும் ஆமிக்காரர் வரவிடமாட்டார்கள். ஏஜென்சிக்காரனோடு வெளிநாடு போன அண்ணையிடமிருந்து மாதக்கணக்காகச் சத்தமில்லை. எல்லை கடக்கையில் குளிரில் செத்த பொடியங்களில் எங்கள் ஊரவன் ஒருவனும் உண்டென்று ஒரு கதை மட்டும் வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி அம்மா சோற்றைத் தொடவில்லை. வெறும் தேத்தண்ணி. நாங்கள் பார்க்கப் பார்க்க வற்றிக்கொண்டு வந்தார்.

அந்த நேரத்தில்தான், பல கை மாறி, அண்ணை தந்ததாம் என்று ஒரு கசெட் வந்தது. கடிதம் எழுதுவதைவிடக் குரலைப் பதிந்து அனுப்புவது அப்போதைய வழக்கம். குரல் கேட்டால் ஆள் உயிரோடு இருக்கிறார்.

மத்தியானம் சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லோடு அழுத்தி, வயரைக் கசெட் போடுகிற ரேடியோவுக்குக் கொடுத்தோம். பெடலைக் கையால் சுற்றுவது நான். வேகம் குறைந்தால் பாட்டு இழுபடும், கூடினால் கீச்சிடும். என்னைப்போலச் சீராகச் சுற்ற அந்த ஒழுங்கையில் எந்த வீட்டிலும் ஒருவனும் இல்லை.

கிற்றார் ஒன்று மெல்லத் தொடங்கியது. அம்மா ஸ்பீக்கரோடு காதை வைத்தார். பாட்டு முடியப் பிள்ளை கதைப்பான் என்றார் சின்னம்மா. பாட்டு முடிகிறதாக இல்லை. செத்த செய்தியைச் சொல்ல மனமில்லாமல் யாரோ எதையோ அனுப்பிவிட்டார்கள் என்று எங்கள் தகப்பனாரான ஐயா நினைப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

திடீரென்று ஓர் இரைச்சல், தூரத்தில் பிறந்து கிட்டக் கிட்ட வந்தது. அந்த இரைச்சலை நாங்கள் நித்திரையிலும் மட்டுப்பிடிப்போம். குண்டு போடுகிற பொம்பர். சின்னம்மாவும் ஐயாவும் வளவு மூலையில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் இறங்கிவிட்டார்கள். ஐயா உள்ளே நின்று என்னைக் கூப்பிட, நான் பெடலை விட்டேன்.

பொம்பரும் நின்றுவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சின்னம்மா மட்டும் ஏறி வந்தார். ஐயா உள்ளேயே இருந்துவிட்டார். அம்மா இருந்த இடத்தைவிட்டு அசையவேயில்லை.

"நிப்பாட்டாதை. சுத்து."

சுற்றினேன். தோள்மூட்டு எரிந்தது. இரைச்சல் உச்சிக்குப் போய், வெடித்து, அடங்கியது. ஸ்பீக்கரில் வெறும் உஸ் சத்தம். அந்த அமைதிக்குள் அடக்கிய ஒரு செருமல், பிறகு இருமல்.

"உது என்ரை பிள்ளை," என்றார் அம்மா. "செருமாமல் இருமத் தெரியாது அவனுக்கு."

ஐயா சால்வையால் வாயைத் துடைத்தபடி பங்கரிலிருந்து ஏறி வந்தார். நீங்களும் கேட்டனீங்களோ என்று அம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். ஐயா கொஞ்ச நேரம் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம். கேட்டனான்."

கசெட்டைத் திருப்பிப் போட்டு இன்னொருக்கால் கேட்போம் என்றேன் நான். என் உச்சியில் ஒரு குட்டு விழுந்தது. கசெட்டைக் கழற்றிச் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டு ஐயா போய்விட்டார். அதற்குப் பிறகு அதை நாங்கள் காணவில்லை.

அம்மா அடுப்படிக்குப் போய், இருந்த சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டார். மழைக்காலம் தொடங்க அண்ணையின் கடிதமும் வந்தது. அவ்வளவு நேரம் சுற்றியவனுக்குக் கிடைத்தது குட்டு என்று நான் கனகாலம் ஐயாவோடு கோபமாக இருந்தேன்.

இப்போது அந்தப் பெறாமகளின் போனில் அதே இரைச்சல் வந்தது. என் வலது கை தானாகச் சுற்றத் தொடங்கியதைப் பார்த்து அவள் சிரித்தாள். பிறகு அதே அமைதி. இருமல் இல்லை. திருப்பிப் போடச் சொன்னேன். இல்லை.

அண்ணைக்குப் போன் எடுத்தோம். கதைக்க வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று, அறையில் கூட இருந்தவன் கேட்கிற கசெட்டை வாங்கி அப்படியே அனுப்பினாராம். அதில் அவர் இருமவுமில்லை, செருமவுமில்லை.

எங்கள் வளவில் அப்படி இருமக்கூடிய மற்ற ஆள் ஐயா ஒருவர்தான். பங்கருக்குள் இருந்தவரின் சுருட்டு இருமல். கசெட்டைத் திருப்பிப் போட்டிருந்தால் அது இருந்திராது. அம்மா கேட்டபோது அவர் ஏன் அவ்வளவு நேரம் சைக்கிளைப் பார்த்தார், எனக்கு ஏன் குட்டினார் என்பது, அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருசத்துக்குப் பிறகு இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

பிள்ளை எழுதட்டும். இசையைப் புகழட்டும், தகப்பனையும் புகழட்டும். ஆனால் கசெட்டை அனுப்பியவர் அண்ணை, இருமியவர் ஐயா, தோள் கழலச் சுற்றியவன் நான். நான் கையை எடுத்திருந்தால் அம்மா அந்த அமைதிவரைக்கும் வந்திருக்கமாட்டார். என் பெயர் இல்லாமல் அந்தக் கதை அச்சேறக்கூடாது.