வெள்ளைக்காரர் தின்ற முட்டை

எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் ஏறி, வழியில் வரிசையாகத் தெரிகிற கோழிப்பண்ணைகள் யாருடையவை என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டரே என் பெயரைச் சொல்வார். அஞ்சாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் நான். படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். எப்படி இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம் நான் மறைத்ததில்லை: யாரையும் லேசில் நம்பாததுதான் என் தொழிலுக்கு முதல். கும்பிடு போட்டு ஒருவன் உள்ளே வந்தால், எதற்குக் கும்பிடுகிறான் என்றுதான் முதலில் பார்ப்பேன். இது எங்கள் வீட்டுக் குணம். ஊர்க் குணம் என்றும் சொல்லலாம். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வந்து அதை நன்றாகக் கிளறிவிட்டுப் போனது.

அப்போது எனக்கு எட்டு வயசிருக்கும். கிணறுகளெல்லாம் வற்றி, ஊர் ஊராகப் போர் போடுகிற மிஷின்கள் வந்த காலம். அந்த மிஷினை ஓட்டப் பழக்கிக் கொடுப்பதற்கென்று பனி விழுகிற தேசத்திலிருந்து ஒருவர் வந்தார். நார்வே என்றும் டென்மார்க் என்றும் அப்பா கடைசிவரை மாற்றி மாற்றித்தான் சொன்னார். எங்கள் வீட்டை ஒட்டி இருந்த பெரியப்பாவின் மாடி வைத்த மெத்தை வீட்டில் குடிவந்தார்கள். புருஷன், பெண்டாட்டி, ஐந்து வயசில் ஒரு மகள், இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

குடிவந்த அன்றே அம்மா ஒரு சொம்பு பாலோடு போனாள். புதுசாகக் குடிபோகிற வீட்டில் முதலில் பால் பொங்க வேண்டும் அல்லவா? அந்த அம்மாள் கைகூப்பி, "வேண்டாமுங்க" என்றாள். பிறகு தானே தேங்காயைத் துருவிப் பிழிந்து அடுப்பில் வைத்தாள். தேங்காய்ப்பால் எங்கே பொங்கும்? திரிந்து போயிற்று. அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

அதற்குப் பிறகு தயிர் கொண்டுபோனாலும் வேண்டாமுங்க, மோர் கொண்டுபோனாலும் வேண்டாமுங்க. குழந்தைக்கு இருமல் என்று தேன் கொண்டுபோனாள். அதுவும் வேண்டாமுங்க. தண்ணீர் வேண்டாம் என்றால்கூட எங்கள் பக்கம் பொறுத்துக்கொள்வார்கள். மோர் வேண்டாம் என்றால் பகை என்று அர்த்தம். அம்மா ஜன்னல் வழியாகப் பார்க்க ஆரம்பித்தாள். காலையில் அவர்களுக்கு மோர் ஊற்றாத கம்மங்கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். மத்தியானம் சோறும் முருங்கைக்கீரையும். ஊறவைத்த நிலக்கடலையை ஆட்டுக்கல்லில் ஆட்டி, துணியில் வடிகட்டி, அந்த வெள்ளைத் தண்ணீரை அந்த அம்மாள் குழந்தைக்குப் புகட்டினாள்.

"ஏனுங்க, இத்தனை மாடு கட்டுற ஊர்ல வந்து கொளந்தைக்குக் கடலைத் தண்ணி குடுக்கறாளே, இவ தாயா? என்னமோ இருக்குதுங்க" என்றாள் அம்மா.

அப்பா, "கொளந்தைக ரண்டும் கொளுகொளுன்னுதான இருக்குதுக?" என்றார்.

"அதுதானுங்க எனக்குச் சந்தேகமே."

இப்போது என் மருமகள் அதற்கு வீகன் என்று ஒரு பெயர் சொல்கிறாள். கறி, மீன் மட்டுமில்லை, பால், தேன், முட்டை எதையுமே தொடமாட்டார்களாம். அன்றைக்கு எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. வெள்ளைக்காரன் என்றால் எல்லாவற்றையும் தின்கிறவன் என்பதுதான் நாங்கள் கேள்விப்பட்டது.

அந்த மகள் மட்டும் எங்களோடு ஒட்டிக்கொண்டாள். எங்கள் பேச்சும் சீக்கிரம் வந்துவிட்டது. அப்பா அப்போதுதான் கொட்டாய் போட்டு வெள்ளைக் கோழி வளர்க்க ஆரம்பித்திருந்தார். நான் முட்டை பொறுக்கும்போது கம்பி வலைக்கு வெளியே நின்று, "அது கோழியோடதுங்க, எடுக்கக் கூடாதுங்க" என்பாள். யார் சொன்னது என்று கேட்டால், "அப்பா" என்பாள். அதை எப்போதும் பெருமையாகத்தான் சொல்வாள்.

அந்தக் கோழிகள்தான் எங்களுக்குக் கடைசிப் பிடி. கடலைக்காடு காய்ந்துவிட்டது. கோழியும் கைவிட்டால் குடும்பத்தோடு ஆட்டையாம்பட்டிக்குத் தறி ஓட்டப் போவது என்று அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். ஊரோ அந்த முட்டையை நம்பவில்லை. கொட்டாயில் சேவலே கிடையாது. சேவல் இல்லாமல் பொட்டைக்கோழி எப்படி முட்டை போடும்? ஊசி போட்டுத்தான் என்று பெரியப்பா டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் முட்டை எடுக்க வருகிறவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"ஏனுங்க, பக்கத்து ஊட்டுத் தொரையே உங்க முட்டையத் தொடறதில்லையாமாங்களே? இந்த மருந்தெல்லாம் அவிய நாட்டுலருந்துதான வருது? அவியளுக்குத் தெரியாததுங்களா?"

வண்டி போய்விட்டது. கொட்டாயில் முட்டை குவிந்தது. வெயிலில் எத்தனை நாள் தாங்கும்?

அப்பா மெத்தை வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"டீக்கடைல அல்லாரும் பாக்க ஒரே ஒரு முட்டை தின்னுங்க, போதும். இல்லாட்டி நாங்க ஊரை உட்டுப் போகோணுமுங்க."

வெள்ளைக்காரர் கைகூப்பினார். "உசுரோடது எதும் வேண்டாமுங்க" என்றார்.

"இதுல உசுரே இல்லைங்க! சேவலே கிடையாதுங்க. சைவ முட்டைங்க!" என்று அப்பா கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அந்த அம்மாள் உள்ளேயிருந்து என்னவோ வேகமாகச் சொன்னாள். நாங்கள் வெளியே வந்த பிறகும் அவர்கள் பாஷையில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "பொண்டாட்டி உடமாட்டீங்கறா. என்ன மர்மமோ?" என்றார் அப்பா.

சந்தை நாள் காலையில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரரே டீக்கடைக்கு வந்தார். அப்பா கூடையோடு ஓடினார். முட்டைக்காரரும் நின்றிருந்தார். டீக்கடைக்காரர் எல்லோர் கண்ணுக்கும் எதிரில் எங்கள் முட்டைகளை வேகவைத்தார். வெள்ளைக்காரர் ஒன்றை எடுத்துச் சூடு ஆறும்வரை உள்ளங்கையில் வைத்திருந்தார். பொறுமையாக ஓடு உரித்தார். உப்புக்கூடத் தொடாமல் முழுதாக மென்று விழுங்கி, தண்ணீர் குடித்தார்.

ஊரே சிரித்தது. பெரியப்பா தொடையைத் தட்டினார்.

"பளகுன வாயிடா! ஊட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு நெதமும் தின்னுக்கிட்டுத்தான் இருந்திருக்கான். நம்மகிட்டத்தான் வேண்டாமுங்க, வேண்டாமுங்க!"

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க" என்றார் முட்டைக்காரர். கூடையை அவரே தூக்கி வண்டியில் வைத்தார். அப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பெரியப்பா சொன்னதற்கு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். நாங்கள் தறிக்குப் போகவில்லை. நான் இன்று நிற்பது அந்த ஒரு முட்டைமேல்தான்.

ஆனால் நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது அந்த மகளை. முட்டை அவர் வாய்க்குப் போனபோது அவள் தன் கையை உருவிக்கொண்டாள். அவர் மெல்லுவதையே பார்த்தாள். பிறகு சத்தமே இல்லாமல் அழ ஆரம்பித்தாள். அவர் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவர்கள் பாஷையில் மெதுவாக என்னவோ சொன்னார். அவள் பின்னால் தள்ளிப் போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டாள்.

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தான் மட்டும் தின்கிற அப்பனை நான் எங்கும் பார்த்ததில்லை. பாத்திரத்திலிருந்து ஒரு முட்டையை எடுத்து, கை சுடச்சுட உரித்து, உப்பும் மிளகும் தூவி அவள் வாய்க்கு நேரே நீட்டினேன்.

"அளுவாதே சாமி. உனக்குந்தான். இந்தா."

அவள் முட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அழுகை கூடிற்று. உப்புப் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் தூவினேன்.