வடக்கு ஜன்னலைத் திறந்தேன்

ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர் என் கணவர். எங்கள் வீட்டுக்கு முதல் செல்போன் வந்த வருடம் அவருக்கு மறதி நோய் முற்றியது.

விடிந்ததும் வடக்கு ஜன்னலில் போய் நிற்பார். பால் போன்ற வெளிச்சத்தில் திரைச்சீலையைத் தடவுவார், திருப்புவார், மெல்ல மடிப்பார். தெருவில் போகிறவர்கள் சிரித்தார்கள். வெட்கப்பட்டு ஜன்னலை ஆணி அடித்து மூடிவிட்டேன். அன்றிலிருந்து ஒரே கத்தல். மகனும் நானும் பேசி, ஏலகிரி பக்கம் ஒரு காப்பகத்தில் சேர்க்க முடிவு செய்தோம்.

கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள், எங்கள் சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ரூத் சிஸ்டர் வந்தார்.

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"அவருக்கு இன்னா தெரியும், சிஸ்டர்?"

"நான் உங்களுக்காகப் பேச வரல. அவருக்காகப் பேச வந்திருக்கேன்."

சிஸ்டர் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, உங்களுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"வெளிச்சம். இருட்டுல எப்பிடி சரக்கு பார்க்கறது?"

மாட்டுக்குப் போட்ட சூட்டு மார்க், கீறல் என்று தோலின் குறையெல்லாம் வடக்கு வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரியும் என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார்! சிஸ்டர் அதே வார்த்தைகளை மகனிடம் போனில் சொன்னார். பயணம் நின்றது. ஆணிகளை நானே பிடுங்கினேன்.

இப்போதெல்லாம் அவருக்காக நான் பதில் சொல்வதில்லை. எந்தச் சட்டை என்பதைக்கூட அவரிடமே கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.

என் பெயர் அவருக்கு நினைவில்லை. போன வாரம் ஜன்னலோரம் என் கையைப் பிடித்துத் திருப்பி, அடுப்பில் சுட்ட தழும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"சூட்டு மார்க் இருக்கு. பரவால்ல, நல்ல சரக்கு. ரிஜெக்ட் பண்ணிடாதீங்க."