விரிசல் விட்ட கிட்டார்

“…சூட்டுல வச்சு ஒணத்த அது என்ன கொழுந்தாங்க? எங்கப்பா வாசிச்ச கிட்டாருங்க!”

நேற்றுத் தேயிலைத் தகரத்தைத் திறந்தேன். வாசனையோடு ரோசம்மா அக்காவின் குரலும் எழுந்து வந்துவிட்டது. அப்போது நான் நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் கொழுந்து நிறுக்கிற வேலையில் இருந்தேன். அங்கே அந்தோணி அண்ணன்தான் டீமேக்கர்; கொழுந்தை வாட்டி, உருட்டி, காயவைத்துத் தூளாக்குவது முழுக்க அவர் பொறுப்பு. அக்கா அவர் மனைவி, பதுளைக் கடைவீதியில் வளர்ந்தவர். கலியாணமாகி வரும்போது, செத்துப்போன அப்பாவின் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டுதான் மாட்டு வண்டியில் வந்தாராம்.

ஐப்பசி மழையில், அக்கா வாசிக்கும்போது கிட்டாரின் சத்தம் மந்தமாயிற்று. ஈரமான எதைக் கண்டாலும் தேயிலை காய்கிற அறைக்கு அனுப்புவதுதான் அண்ணனுக்குத் தெரிந்த வைத்தியம். என் செருப்புகூட அங்கே போய் அப்பளமாகத் திரும்பியிருக்கிறது. கிட்டாரும் போனது. திரும்பி வந்தபோது முன்பலகை, நடுத்துளையிலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது.

அன்றோடு அக்கா அவரிடம் பேசுவதை நிறுத்தினார். நான் சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டுக்குத்தான் போவேன். “தம்பி, சோறு போதுமான்னு அவரக் கேளுங்க.” “தம்பி, போதும்னு சொல்லு.” இந்தத் தபால் வேலைக்குக் கூலியாக எனக்குக் குழம்பு கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது, மறைப்பானேன்.

காய்ந்து பிளந்தது ஈரத்தில் மறுபடி சேரும் என்று அண்ணனுக்கு ஒருவழியாகத் தோன்றியது. தந்திகளைக் கழற்றிவிட்டு, மேல்மாடியில் பச்சைக் கொழுந்து வாடப் பரப்பியிருந்த சாக்குத் தட்டுகளுக்கு நடுவே கிட்டாரைக் கிடத்தினார். கொழுந்து விட்ட ஈரத்தை மரம் மெதுவாகக் குடித்தது. விரிசல் மயிரிழையாக ஒடுங்கியதும் வச்சிரப் பசை காய்ச்சினார். தேயிலைப் பெட்டிப் பலகையில் மெல்லிய சில்லுகள் சீவினார். அவற்றை உள்ளேயிருந்து விரிசலுக்குக் குறுக்கே ஒட்ட வேண்டும். அவர் கை துளையில் நுழையவில்லை. என் கையும்தான். பசையோ ஆறி இறுகிக்கொண்டிருந்தது.

“தம்பி, அக்காவைக் கூப்புடு.”

அக்கா வந்தார். வளையல்களைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, கையை உள்ளே விட்டார். அண்ணன் வெளியிலிருந்து விரலால் தட்டித் தட்டி இடம் காட்டினார்.

“இன்னும் மேல… ஆங், அங்கதான். அழுத்து புள்ள.”

“அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன், சும்மா இருங்க!”

நடுவில் தம்பி இல்லை. என் தபால் உத்தியோகம் அத்தோடு போயிற்று.

இப்போது அந்த மாடியில் சாக்குத் தட்டுகள் இல்லை. காற்றாடி வைத்த நீளத் தொட்டிகளில்தான் கொழுந்து வாடுகிறது. அண்ணன் இல்லை, அக்கா இல்லை, அவர்கள் இருந்த வீட்டுக்குக் கூரை இல்லை. கிட்டார் யார் கையில் இருக்கிறதோ.

பசை இறுகி, தந்தி மாட்டிய சாயங்காலம் மட்டும் அப்படியே இருக்கிறது. முறுக்குவதற்கு அண்ணன் கிட்டாரைக் கையில் எடுத்தார். அக்கா வாங்கிக்கொண்டார்.

“ஒங்க கையில விட்டா, அடுத்தது கொழுந்து உருட்டுற ரோலர்லயே போட்டுருவீங்க” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தந்தியாக முறுக்கினார். பலகை தாங்கியது. ஒரு பாட்டு முழுவதும் வாசித்தார். பிறகு எழுந்து, கிட்டாரை அண்ணனின் மடியிலேயே வைத்துவிட்டு, உலை வைக்கப் போனார்.