பொறுக்கி எடுத்த சிவப்பு நட்சத்திரங்கள்

என் தகுதிகாண் காலம் முடிய ஒரு வாரம் இருந்தபோது குழுத் தலைவர் போன் செய்தார். போடியில் வீட்டிலிருந்தபடியே ஒரு வானியல் குழுவுக்கு டேட்டா பார்க்கும் வேலை எனக்கு. அதற்கு முன் ஒன்பது வருடம் ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரித்தேன். இயற்பியல் பட்டத்தை வைத்துக்கொண்டு காய் பொறுக்கியவளை நம்பி எடுத்தது இந்தக் குழுதான். இது போனால் மறுபடி ஸ்டோர்தான்.

கொடுத்த வேலை எளிது. ஒரு சுருள் கேலக்ஸியின் நட்சத்திர லிஸ்ட். ஒவ்வொன்றுக்கும் இடமும் நிறமும் இருக்கும். இரண்டு முறை பதிவானதை நீக்க வேண்டும். நடுவில் பெரும்பாலும் வயதான சிவப்பு, சுருள் கைகளில் புதிதாகப் பிறந்த நீலம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஸ்டோரில் பச்சைக் குவியலில் வெளுத்த பழைய காய் கிடந்தால் கை தானாக எடுத்துவிடும். அதே பழக்கத்தில் சுருள் கைகளில் இருந்த சிவப்பையெல்லாம் எடுத்துவிட்டேன். லிஸ்ட் பளிச்சென்று இருந்தது. எனக்குப் பெருமை வேறு.

தலைவர் பக்கத்து ஊரான தேவாரத்துக்காரர், என்னைவிட இளைய பெண்.

"அக்கா, சுருள் கையில ஒரு செவப்புகூட இல்லையே. எங்க போச்சு?"

"அதெல்லாம் பழசு மேடம். கலப்பா கெடந்துச்சு, பொறுக்கிட்டேன்."



"பழசு எல்லா எடத்துலயும்தாங்க்கா இருக்கும். நீலம் வெளிச்சம் கூட, அதான் கை நீலமாத் தெரியுது. அதுபோக, செவப்பெல்லாம் பழசுனு யாரு சொன்னா? பெரிய நட்சத்திரம் சிலது பொறந்து கொஞ்ச காலத்துலயே ஊதிச் செவந்து சாகப்போகும். நாம எண்ண உக்காந்ததே அதத்தான். நாளைக்கழிச்சு ரிப்போர்ட் போகணும்."

வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"எடுத்தத கழிவுனு தனி ஃபைல்ல வச்சிருக்கேன் மேடம்."

"அழிக்கலையா?"

"கழிவ யாரு மேடம் கொட்டுவா? தனிச் சாக்குல கட்டி, லாட் நம்பர் எழுதித்தான வைப்போம். அதுக்கும் வாங்க ஆளு இருக்கு."

"வெரசா திரும்பச் சேத்து அனுப்புங்க்கா."

அன்றும் மறுநாளும் ஒவ்வொன்றாகப் பார்த்து, எடுத்த இடத்திலேயே திரும்பச் சேர்த்தேன். ரிப்போர்ட் போனது. தயங்கித் தயங்கி, "என் வேலை மேடம்?" என்று கேட்டேன்.

"தப்பத் திருத்திட்டீங்க. அழிச்சிருந்தா நான் என்னக்கா பண்ணியிருக்க முடியும்?"

இப்போது புதியவர்களின் லிஸ்ட்டைச் சரிபார்ப்பது நான்தான். ரொம்பச் சுத்தமாக இருந்தால் பயம் வந்துவிடுகிறது. நீக்கியதைத்தான் முதலில் கேட்கிறேன்.